மொழிபெயர்த்தவர் கையெழுத்து

மீனாக்ஷியை நாம் விட்டுவந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்கப் போகிறார் என்று போனில் கேட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் நின்றிருந்தாள். அந்தப் பால் கறை மேடையிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

மோதி பாக்கில் மாப்பிள்ளை அர்விந்துக்கு ஒதுக்கியிருந்த சர்க்கார் வீடு அது. அர்விந்த் ஆபீஸ் வேலையாகப் போபால் போயிருந்தான். கூடத்துக் கட்டிலில் அவள் புருஷன் ஜெயகிருஷ்ணன் படுத்திருந்தார். ஹோலி கழிந்த வாரம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தவர். இப்போது கூலர் ஓடாமல் உட்கார முடியாத காலம். வலக்காலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. வலக்கையில் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

வரவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவர் பேசத்தான் செய்தார். தண்ணீர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு 'குடை' என்பார். மனைவியைப் பார்த்து 'ஸ்டூல்' என்று கூப்பிடுவார். மனசில் ஒன்று இருக்கும், நாக்கில் வேறொன்று வரும். ஒருநாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மூடிக்கொண்ட வாய்தான்.

தீஸ் ஹஜாரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டெனோவாக இருந்தவர் ஜெயகிருஷ்ணன். வக்கீல் சொல்லச் சொல்ல, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் எடுத்துக் கொடுத்தே குடும்பத்தைக் கரையேற்றினார். அப்படிப்பட்டவருக்குத் தன் வாயே தன்னைத் தப்பாக எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று தீர்மானித்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் ஜ்யோத்ஸ்னா பிசியோதெரபிஸ்ட். ஊரார் கைகாலையெல்லாம் நடக்க வைப்பவள். அவள் வேலை செய்யும் கிளினிக் எடுத்திருந்த இன்ஷூரன்ஸில் அப்பா பெயரும் இருந்தது. ஆனால் அதற்கென்று ஒரு விதி. பயிற்சி கொடுத்தவர் எவரோ அவரே டேப்லெட்டில் அன்றைய குறிப்பை எழுதி, தன் ரகசிய எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வீட்டார் ஒருவர் பக்கத்தில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் குறிப்பு பூட்டிக்கொள்ளும். சொந்த அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மகளே கையெழுத்துப் போட அனுமதி இல்லை. அதனால் கிளினிக்கில் அவளோடு வேலை பார்க்கும் சுஷ்மாவை அனுப்பினார்கள்.

சுஷ்மா தங்கமான பெண். ஆனால் அவள் தொட்டால் ஜெயகிருஷ்ணன் விறைத்துப் போனார். அன்னியப் பெண் ஒருத்தி தன் இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்குவது அவருக்குக் கூசியது.

"என் கை பட்டா அங்கிள்ஜி கல்லாயிடறார். உன் கை பட்டா மெழுகாயிடறார். நீயே பண்ணுடி, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்று முதல் வாரமே சுஷ்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வெயில் ஏறியது, லூ என்கிற அனல்காற்று அடிக்கத் தொடங்கியது. உத்தம் நகரிலிருந்து பஸ் மாறி வந்து, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாளே என்று ஜ்யோத்ஸ்னாவுக்கு மனசு கேட்கவில்லை. "நீ எதுக்கு அலையறே? டேப்லெட்டை இங்கேயே வச்சுட்டுப் போ, உன் நம்பரைச் சொல்லு. நானே போட்டுடறேன்" என்றாள். சுஷ்மா சொன்னாள். அன்று முதல் பயிற்சி ஜ்யோத்ஸ்னாவுடையது, கையெழுத்து சுஷ்மாவுடையது. பக்கத்தில் விரலால் 'மீனாக்ஷி' என்று போட்டது அம்மா.

யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அந்த மூன்று பெண்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை. ஒருத்திக்கொருத்தி பரிந்துதான் செய்தார்கள். பரிவோடு வரும் பிசகு மெள்ளத்தான் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டு மனுஷியைப் போல உள்ளே வரும். அதனால்தான் யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

சனிக்கிழமை காலை சுஷ்மா சீருடையோடு சீக்கிரமே வந்துவிட்டாள். வந்தவள் நேரே கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"நமஸ்தே அங்கிள்ஜி! இன்னிக்கு ஒருநாள் என்னைப் பொறுத்துக்கோங்கோ. கல்லாயிடாதீங்கோ."

ஜெயகிருஷ்ணனின் இடப்பக்க உதடு லேசாக ஏறியது. அவருக்கு ஹிந்தி தமிழைப் போலவே புரியும். புரிவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மீனாக்ஷி சுவாமி விளக்குக்கு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "முருகா, இந்த ஒரு வேளையைத் தாண்ட வச்சுடு. குர்காவ்ல இவருக்கு இடம் கெடைச்சுடட்டும்."

டாக்டர் வருவது அதற்குத்தான். குர்காவில் ஒரு மறுவாழ்வு மையம் இருந்தது. நடை, கை, பேச்சு மூன்றுக்கும் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பயிற்சி ஒழுங்காக நடந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் இன்ஷூரன்ஸில் அனுமதி கிடைக்கும்.

"ஜ்யோ, அவர் எதாவது கேட்டா நான் என்னடீ சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாதேம்மா. மோர் கொடு. பாக்கி நாங்க பாத்துக்கறோம்."

"மோர் கொடுக்கத்தான் நான் லாயக்கு" என்றாள் மீனாக்ஷி. ஆனால் அதைச் சொல்லும்போதே மோரில் உப்புப் போட்டோமா என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

ஜ்யோத்ஸ்னா ஒவ்வொரு செவ்வாயும் மலை மந்திர் முருகன் கோவில் படியேறிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கால் கேட்கவில்லை, கை கேட்கவில்லை. அப்பா வாயிலிருந்து சரியாக ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

டாக்டர் சாவ்லா வயதானவர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, மூங்கில் மூடாவில் உட்கார்ந்து மோரை வாங்கிக் குடித்தார்.

"மாதாஜி, இதுல கருவேப்பிலையா? அச்சா, அச்சா. எங்க வீட்டு லஸ்ஸி இதுக்கு முன்னால நிக்காது."

மீனாக்ஷிக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

பயிற்சி தொடங்கியது. சுஷ்மா அவரைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து இடுப்பில் பெல்ட்டைக் கட்டினாள். விறைப்பு வராமல் இருப்பதற்காக ஜ்யோத்ஸ்னா கட்டிலில் ஏறி, அப்பாவின் முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மூச்சு அவர் தோளில் பட்டது. அது போதும் அவருக்கு. "ஏக், தோ, தீன்" என்று சுஷ்மா சொல்ல, அவர் எழுந்து நின்றார். கால் நடுங்கியது, ஆனால் நின்றார்.

"வாஹ்! இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் டாக்டர். தன் டேப்லெட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். குர்காவ் கதவு பாதி திறந்துவிட்டதை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

அவரை உட்கார வைத்ததும் டாக்டர் மூடாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விசாரணை என்று ஒன்றும் இல்லை. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் நாலு வார்த்தை பேசுகிற மாதிரிதான்.

"ஏன் பாய்சாப், இந்த சுஷ்மா உங்களை ரொம்பப் படுத்தறாளா? தினமும் இவதானே உங்களை எழுப்பி நிக்க வைக்கறது?"

தலையை ஆட்டினாலே போதுமான கேள்வி. ஜெயகிருஷ்ணன் தலையை ஆட்டவில்லை. இடக்கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. முதுகில் அண்டை கொடுத்திருந்த ஜ்யோத்ஸ்னாவுக்கு, அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ திரண்டு மேலே வருவது கையில் தெரிந்தது.

"எம்... பொண்ணு" என்றார்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்.

"தெனம்... எம் பொண்ணுதான்."

குழறல் இருந்தது. ஆனால் ஒரு சொல் மாறவில்லை. குடையும் ஸ்டூலும் எங்கேயோ போய்விட்டன. வக்கீலுக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி, உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அங்கிள்ஜி பேசிட்டார்!" சுஷ்மா துள்ளிவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மாதாஜி! ஜோத்ஸ்னா! பேசிட்டார், கேட்டியா?"

மீனாக்ஷி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகையா பயமா, அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் சாவ்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! பேச்சே இல்லைன்னு போட்டிருக்கே! மதராஸி பாஷையா? என்ன சொன்னார் பேட்டி?" என்று ஜ்யோத்ஸ்னாவைக் கேட்டார்.

சுஷ்மாவும் திரும்பினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சொல்லுடி, என்ன சொன்னார்?"

முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தில் சுஷ்மாவின் வேலை இருந்தது. புருஷன் போனபிறகு அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் அவள் மாமியாரையும் மகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் வேலை மட்டுமா போகும்? பிசியோதெரபிஸ்ட் என்ற பதிவே போய்விடும். அப்பாவின் குர்காவும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

அந்தக் கூடத்தில் டாக்டருக்கும் சுஷ்மாவுக்கும் தமிழ் தெரியாது.

"சுஷ்மா..." என்றாள் ஜ்யோத்ஸ்னா ஹிந்தியில். தன் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. "சுஷ்மாதான் தினமும் வராங்கறார்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று சுஷ்மா ஜெயகிருஷ்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

முதுகில் அண்டை கொடுத்திருந்தவளுக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. நிமிர்ந்திருந்த முதுகு, காற்றுப் போன பந்து மாதிரி, அவள் கைமேலேயே மெள்ளச் சரிந்தது.

அவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது.

"த... தப்பா?"

தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கேட்கிறார்! எம் பொண்ணு என்று மனசில் நினைத்து, வாயில் வேறு பெயர் வந்துவிட்டது போலிருக்கிறது; இல்லாவிட்டால் மகள் ஏன் அப்படிச் சொல்லப் போகிறாள்? மகள் மாற்றிச் சொல்லுவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் நாக்கைத்தான் சந்தேகப்பட்டார்.

மீனாக்ஷியால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பியதையே பதிலாக எடுத்துக்கொண்டு, ஜெயகிருஷ்ணன் உதட்டை உள்ளே மடித்து, வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தார். "பேச்சு திரும்பறதுன்னு போட்டுட்டேன். குர்காவ்ல இதுக்கே தனி மதிப்பு. எனக்கு இவர் பாஷை தெரியாததால மொழிபெயர்த்தவர் கையெழுத்து ஒண்ணு வேணும். இந்தா பேட்டி, இங்கே. விரலாலயே போடு."

டேப்லெட் அவள் கைக்கு வந்தது. நோயாளி கூறியதை மாற்றமின்றி மொழிபெயர்த்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே ஒரு வெற்றுக் கட்டம். இத்தனை வாரத்தில் அப்பா சம்பந்தப்பட்ட குறிப்பு எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாக அவள் பெயரைக் கேட்கிறது.

ஜ்யோத்ஸ்னா விரலைக் கொண்டுபோனாள். கண்ணாடியில் படுவதற்கு மயிரிழை இருந்தது.

சுஷ்மா சிரித்த முகமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகக் கையெழுத்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்பா எப்போதும்போல் பேசாமல் இருப்பார். இந்த மௌனம் பழகினதுதானே? குர்காவுக்குப் போனால் அவர்கள் பேச வைப்பார்கள். ஆனால் சரியாகச் சொன்னதையே தப்பு என்று நம்பிவிட்டவரை யார் வந்து பேச வைக்க முடியும்?

அவள் டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கி, அப்பாவுக்கு எதிரே வந்து மண்டியிட்டாள்.

"அப்பா, என்னைப் பார். நீ சொன்னது ரொம்ப சரி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எம் பொண்ணுன்னு சொன்னே. தெனம் எம் பொண்ணுதான்னு சொன்னே. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார். இடக்கண் நிறைந்து வழிந்தது.

பிறகு அவள் திரும்பி, அதையே ஹிந்தியில் டாக்டரிடம் சொன்னாள். அப்பா சொன்னதைச் சொன்னாள். தினம் யார் பயிற்சி கொடுத்தது, யார் கையெழுத்து, யார் விரல் எல்லாவற்றையும் சொன்னாள். "சுஷ்மா மேல தப்பில்லை டாக்டர் சாப். நான் கேட்டேன். என்மேல இருந்த பிரியத்துல நம்பரைக் கொடுத்தா."

சுஷ்மாவின் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. சற்று நேரம் அங்கேயே தங்கிவிட்டுத்தான் போயிற்று.

அப்போதுதான் மீனாக்ஷி முன்னால் வந்தாள். கையைக் கூப்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் வாதாடத் தொடங்கினாள். "டாக்டர் சாப், ஹமாரா தாமாத் கா ஆபீஸ் மே..." மாப்பிள்ளை ஆபீஸில் பெரிய அதிகாரி லீவில் போனால், அடுத்தவர் 'ஃபார்' என்று போட்டுக் கையெழுத்துப் போடுவதில்லையா? டிபார்ட்மென்டே அப்படித்தானே நடக்கிறது? அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் நான் விளக்கேற்றின கையால் பொய்க் கையெழுத்துப் போடுவேனா?

டாக்டர் சாவ்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"மாதாஜி, அங்கே 'ஃபார்'னு ஒண்ணு முன்னால போடறாங்க இல்லையா? அதுலதான் எல்லா நியாயமும் இருக்கு. இங்கே அதைப் போடலையே."

மீனாக்ஷி கூப்பிய கையை இறக்கினாள்.

"நான் எழுதித்தான் ஆகணும் பேட்டி. எழுதாம போனா நானும் உங்களோட சேர்ந்தவனாயிடுவேன்" என்றார் டாக்டர். "ஆனா கண்டுபிடிச்சேன்னு எழுத மாட்டேன். நான் கேக்கறதுக்கு முன்னால தானா சொன்னான்னு எழுதறேன். பயிற்சி ஒரு நாள்கூடக் குறையலைன்னும் எழுதறேன். அதுக்கு அந்தக் காலே சாட்சி. மேற்கொண்டு என் கையில இல்லை."

போகும்போது ஜெயகிருஷ்ணனின் விழுந்த கையை எடுத்து, அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் சற்று நேரம் வைத்திருந்தார். "உங்க பொண்ணு நல்லா வேலை செஞ்சிருக்கா பாய்சாப்" என்றார். அவரால் அன்று கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

சுஷ்மா பெல்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்தாள். கிளினிக் டேப்லெட்டை வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வைத்தாள். ஜெயகிருஷ்ணனிடம் "நமஸ்தே அங்கிள்ஜி" என்று சொல்லவும் மறக்கவில்லை. ஜ்யோத்ஸ்னா அவள் பின்னாலேயே ஓடி, கீழே வேப்பமரத்தடியில்தான் பிடித்தாள்.

"சுஷ்மா, நில்லு. ப்ளீஸ்."

"என்ன சொன்னார்? அதை இன்னொரு தடவை சொல்லு. உங்க பாஷையில."

"எம் பொண்ணு. தெனம் எம் பொண்ணுதான்."

"பொண்ணுன்னா பேட்டி. இல்லையா?" சுஷ்மா தலையை ஆட்டினாள். "அவர் அப்படிச் சொன்னப்போதான் நான் குதிச்சேன். என்னை விழவைக்கற வார்த்தைக்கு நானே கை தட்டியிருக்கேன் பாரு."

"திட்டு. அடி. எதாவது பண்ணு."

"உங்கப்பா வாயை நீ காப்பாத்திட்டே. நான் உன் இடத்துல இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்னு நினைக்கறேன்." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஆனா நான் உன் இடத்துல இல்லையே ஜோத்ஸ்னா. என் இடத்துல இருக்கேன். சாயங்காலம் மாமியார் ஏண்டி ஒரு மாதிரி இருக்கேன்னு கேப்பா. பொண்ணுக்குக் கோச்சிங்ல பேர் கொடுத்துட்டு வந்திருக்கேன். அவங்ககிட்ட நான் எந்த பாஷையில சொல்றது?"

"நான் திருடினேன்னு சொல்லிடு. உன் நம்பரை நீ போடும்போது பார்த்து வச்சுண்டேன்னு, உனக்குத் தெரியாம போட்டேன்னு சொல்லு. நான் மறுத்துச் சொல்ல மாட்டேன். சத்தியமா."

சுஷ்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற ஒரு தாயின் பார்வை அது.

"அதைச் சொன்னா நீ போயிடுவே. உன் பேரும் போயிடும்."

"போகட்டும்."

சுஷ்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலில் ரிங் ரோடு பக்கம் நடந்து போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாடு அப்படியே மூடிக் கிடந்தது. மாலையில் கிளினிக் மேனேஜர் போன் செய்தார். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர், மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை காலையில வந்துடு. சுஷ்மா ஏற்கெனவே வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா."

"என்ன எழுதிக் கொடுத்தா ஸார்?"

"அதைத் திங்கட்கிழமை பேசலாம்."

ஜ்யோத்ஸ்னா போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து தரையில் உட்கார்ந்தாள். மீனாக்ஷி உள்ளே விளக்கேற்றிவிட்டு, எதைக் கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஹிந்தியில் நடந்ததெல்லாம் அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது. மத்தியானம் முழுக்க அவர் கண்ணை மூடவில்லை.

"சுஷ்மா... வேலை... போயிடுமா?"

ஒவ்வொரு சொல்லும் சரியாக வந்தது. எத்தனை செவ்வாய்க்கிழமை படியேறிக் கேட்ட பேச்சு! அதைக் கேட்டு அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

"தெரியலப்பா."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "நான்... பேசாம... இருந்திருக்கணும்."

"இல்லேப்பா!" அவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னது சத்தியம். சத்தியத்தைச் சொல்ல முடியாதபடி வீட்டை வச்சிருந்தது நான். இதுக்காக நீ வாயை மூடிண்டா, சுஷ்மாவுக்கும் துரோகம், எனக்கும் துரோகம். மூடிக்க மாட்டேன்னு சொல்லு."

ஜெயகிருஷ்ணனின் இடக்கை போர்வையின் மேல் நகர்ந்து வந்து, அவள் கையிலிருந்த போனைத் தட்டியது.

"போடு... சுஷ்மாக்கு."

"என்னப்பா சொல்லப் போறே?"

"நானே... சொல்றேன். ஹிந்தியில."

மீனாக்ஷி உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் தலையணையை உயர்த்திவைத்தாள். ஜ்யோத்ஸ்னா எண்ணை அழுத்தி, போனை அப்பாவின் வாயருகே பிடித்தாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

சொல்ல வேண்டியதை நாக்கின் நுனியில் கூட்டி வைத்துக்கொண்டு, அது நழுவிவிடாமல், ஜெயகிருஷ்ணன் கண்ணை மூடிக் காத்திருந்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, தானாக நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"மறுபடி... போடு" என்றார்.